நெஞ்சுக்கு நேரே

எதைக் கையில் எடுத்தாலும் அது சரியில்லை என்றே இசக்கிராஜுக்குப் பட்டது. வேட்டைச் சாமான் கடை, சுவர் முழுக்க ஹார்னஸ். பைனாகுலரைக் கழுத்தில் ஆடவிடாமல் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிவைக்கிற சமாச்சாரம், இதில் என்ன பெரிய ஆராய்ச்சி, எடுத்தோமா வந்தோமா என்று இருக்கவேண்டியது, முக்கால் மணி நேரமாக நட்டுவைத்த மாதிரி நிற்கிறான். ரப்பர் பட்டை நாலும் முதுகில் குறுக்காகப் பின்னிக்கொள்கிற சாதா வகை ஒன்று. மூடி போட்ட பெட்டி வகை ஒன்று. பெட்டியிலும் காந்தத்தில் மூடுவது, ஜிப் வைத்தது, சர்ரென்று கிழித்துத் திறக்கிற ஒட்டுப்பட்டை வைத்தது. அந்தச் சர்ருக்கு மான் அடுத்த ஊருக்கே ஓடிவிடும், அது வேண்டாம். காந்தம் பரவாயில்லை, சத்தமில்லை, ஒரு கையால் திறக்கலாம், எடுக்கலாம், பார்க்கலாம். பார்க்கலாம். பார்த்திருக்கலாம். இந்த இடத்தில் வந்து புத்தி மறுபடியும் மாட்டிக்கொண்டது. மரச் சாடிலில் தொங்குகிறவன் கழுத்தில் வார் மாட்டக்கூடாது என்று ஆபீசில் கூட வேலை பார்க்கிற டேல் சொல்லித்தான் இங்கே வந்தது. சாடில் என்றால் குதிரைச் சேணம் இல்லை. இடுப்பையும் பின்பக்கத்தையும் சுற்றிக் கட்டும் பட்டைத் துணி, இடுப்பின் இரண்டு பக்கமிருந்தும் ஒரு கயிறு நெஞ்சுக்கு முன்னால் கூடி மரத்துக்குப் போகும், இருபதடி உயரத்தில் அதில் சாய்ந்து உட்கார்ந்தபடி மானுக்குக் காத்திருக்கலாம். கழுத்தில் வார் தொங்கினால் அந்தக் கயிற்றோடு போய்ச் சுற்றிக்கொள்ளும். சனிக்கிழமை சுற்றிக்கொண்டது. அதை மட்டும்தான் டேலிடம் சொன்னான். மீதியைச் சொல்லவில்லை. வடிவிடமும் சொல்லவில்லை, கட்டினவளிடம் சொல்லமுடியாததை வேறு யாரிடம் போய்ச் சொல்வது. சொல்லியாகவேண்டிய ஆள் ஒருத்தர்தான். அவர் பத்தடி தள்ளி, வில் பழகுவதற்காக வைத்திருக்கிற ரப்பர் மானின் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டு நிற்கிறார்.

அப்பா பேச்சிமுத்து, கடையத்துக்காரர், மின்வாரியத்தில் முப்பத்தொரு வருஷம் லைன்மேனாக இருந்து ஓய்வுபெற்றவர். அம்மாவுக்கு மூட்டுவலி, அத்தனை மணி நேரம் விமானத்தில் மடங்கி உட்காரமாட்டேன் என்றுவிட்டாள், அதனால் தனியாக வந்து ஆறு மாசம் மகன் வீட்டில். வந்த நாளிலிருந்து எங்கே கிளம்பினாலும் நானும் வாரேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நிற்பார். இன்றைக்கும் அப்படித்தான் வந்தார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது, என்ன காரணம் சொல்வது. கையில் அந்தச் சால்வையை மடித்துப் போட்டிருக்கிறார். பழுப்புக் கம்பளி, ஓரத்தில் ஒரு சாண் அகலத்துக்கு வெள்ளைப் பட்டை. ஓய்வுபெற்ற அன்றைக்கு ஆபீசில் மாலை போட்டு, கேசரி மிக்சர் கொடுத்து, ஏ.இ. என்ஜினீயர் தன் கையால் போர்த்திய சால்வை. பத்து வருஷமாகப் பிரிக்காமல் பெட்டியில் கிடந்தது. அமெரிக்காவில் குளிரும் என்று அம்மாதான் அதை எடுத்து வைத்துவிட்டாள். நல்லெண்ணத்தில்தான் வைத்தாள் மகராசி. "ஏல, இங்க வந்து பாரு, நெஞ்சுல வட்டம் போட்டுல்லா வச்சிருக்கான், இங்கனதான் அடிக்கணுமாக்கும்?" என்று அப்பா அங்கிருந்து தமிழில் சத்தம் கொடுத்தார். கடையில் நாலு தலை திரும்பியது. "ஆமாப்பா." அவ்வளவுதான் வந்தது வாயில். அப்பா அந்த வட்டத்தின் மேல் விரலை வைத்து இரண்டு தட்டுத் தட்டினார்.

சனிக்கிழமை காலை, ஏழு மணிக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. விடிந்தும் விடியாத சாம்பல் வெளிச்சம். டேலுக்குச் சொந்தமான காடு அவர்கள் தெருவுக்குப் பின்னாலேயே தொடங்குகிறது, தொலைவு கிடையாது, அதுதான் வினையே. அப்பா தினமும் காலையில் நடப்பார், தபால் பெட்டிகள் வரிசையாக இருக்கிற முக்குவரை போய்த் திரும்புவார். காட்டுக்குள் போகாதீர்கள், நான் மரத்தில் இருப்பேன் என்று ஒரு வார்த்தை சொன்னானா? முந்தின நாள் சாப்பிடும்போது சொன்ன மாதிரி இருக்கிறது. இல்லை, சொல்லவில்லை. சொன்னதாக நினைத்துக்கொண்டால் கொஞ்சம் தூக்கம் வருகிறது என்பதற்காக நாலு நாளாக அப்படி நினைத்துப் பார்க்கிறான், அவ்வளவுதான். அட பாவி, ஒரு வார்த்தை. மூன்று வருஷமாக மரம் ஏறி இறங்கியும் ஒரு மான்கூட விழவில்லை. ஆபீசில் காய்கறிக்காரன் என்று பெயர் வைத்துவிட்டார்கள், இஸ்ஸி, இந்த வருஷமாவது கீரையை விட்டுவிட்டு வேறு ஏதாவது கிடைக்குமா என்று சிரிப்பார்கள், இவனும் கூடச் சிரிப்பான், உள்ளே எரியும். அந்த எரிச்சல்தான் அன்றைக்கு மரத்தில் உட்கார்ந்திருந்தது, இவன் எங்கே உட்கார்ந்திருந்தான். புதருக்குப் பின்னால் பழுப்பாக ஒன்று அசைந்தது. நாலு எட்டு, ஒரு நிறுத்தம். சுற்றுமுற்றும் ஒரு பார்வை. மறுபடி நாலு எட்டு, ஒரு நிறுத்தம். மான் அப்படித்தான் வரும். எழுபதை நெருங்குகிற ஆள், முட்டி வலிக்கிறவர், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, புது ஊரில் புது மரங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடந்தால் அவரும் அப்படித்தான் வருவார் என்று எவன் சொல்லிக்கொடுத்தான்? பின்பக்கமாக வெள்ளையாக ஒன்று தெரிந்தது. வால் என்றது மனசு, அந்த ஊர் மானுக்கு வால் வெள்ளை. வால்தான், சந்தேகமே இல்லை என்றது. பைனாகுலரை எடுக்கப் போனால் வார் கயிற்றில் சுற்றிக்கிடக்கிறது. ஒரு இழுப்பு, வரவில்லை. இன்னொரு இழுப்பு, வரவில்லை. மூன்றாவது இழுத்தால் கொக்கி கிணுங்கும், மான் ஓடிவிடும். கிடக்கட்டும் சனியன் என்று விட்டான். விட்டுவிட்டு வில்லை இழுத்தான்.

பார்க்காமல் இழுத்தான். இதை எத்தனை விதமாகத் திருப்பிப் போட்டுப் பார்த்தாலும் இதே இடத்தில்தான் வந்து நிற்கிறது. ஹார்னஸ் இருந்திருந்தால் பார்த்திருப்பேன் என்று ஒரு பக்கம் மனசு வக்காலத்து வாங்குகிறது. வாங்கட்டும். நல்ல ஹார்னஸாக ஒன்று வாங்கி, அதன் தலையில் பழியைப் போட்டுவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சோற்றைத் தின்னலாம் என்றுதானே இங்கே வந்து நிற்கிறாய். வார் சிக்கியதற்கு வில்லை இழுப்பானேன்? வார் சிக்கினால் சும்மா இருக்கவேண்டியதுதானே. இருபத்திரண்டு கஜம். வில்லில் மாட்டின குறிவளையத்துக்குள் பச்சைப் புள்ளி அந்தப் பழுப்பின் மேல் போய் உட்கார்ந்தது, தோளுக்குச் சற்றுக் கீழே, ஆடாமல் அசையாமல். மூன்று வருஷத்தில் ஒருநாளும் அப்படி ஆடாமல் நின்றதில்லை. கை இவ்வளவு திடமாக இருக்கிறதே என்று சந்தோஷம் வந்தது. ஆமாம், சந்தோஷப்பட்டான், அதை வேறு யார் வந்து சொல்வார்கள். விரல் நாணை விடுகிற விசையில் இருந்தது. பாதி மூச்சை விட்டிருந்தான். அப்போது அந்தப் பழுப்பு பொசுக்கென்று மடிந்து கீழே போய்விட்டது. புள்ளிக்குள் வெறும் புதர். அவன் வில்லைத் தளர்த்தவில்லை. படுத்திருக்கிறது, எழுந்திரிக்கும், எழுந்தவுடன் விடலாம் என்று இழுத்த கையோடு காத்திருந்தான். எவ்வளவு நேரம்? தோள் நடுங்கத் தொடங்கும்வரை. எழுந்திரு, எழுந்திரு என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டு. பிறகுதான் அந்த இருமல். தொண்டையைச் செருமி, ஒரு நிறுத்து நிறுத்தி, அடியிலிருந்து இரண்டு தரம் இருமுவார். பிறந்ததிலிருந்து கேட்கிற இருமல். இருட்டில் கேட்டாலும் தெரியும், கூட்டத்தில் கேட்டாலும் தெரியும். வில் எப்படித் தளர்ந்தது, அம்பு எப்படிக் கையில் வந்தது, ஒன்றும் ஞாபகமில்லை. புதரிலிருந்து ஒரு குரங்குக் குல்லா எழுந்தது. குல்லாவுக்குக் கீழே சால்வை. சால்வைக்குள் அப்பா. முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நிமிர்ந்தார், வந்த வழியே நடந்து போனார். அப்பா என்று கூப்பிடவில்லை இவன். மரத்தோடு ஒட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் தொங்கினான். வீட்டுக்குப் போனால் அவர் காபி குடித்துக்கொண்டிருந்தார். "என்னல, கெடச்சுதா?" "ஒண்ணும் வரலப்பா." அவர் டம்ளரையே பார்த்துக்கொண்டு, சரி சரி என்றார்.

எதற்காகக் குனிந்தார்? இதுதான் நாலு நாளாக மண்டைக்குள் குடைகிறது. குளிக்கும்போது குடைகிறது, மீட்டிங்கில் குடைகிறது, வடிவு தோசையைத் தட்டில் போடும்போது குடைகிறது. கீழே ஏதாவது கொட்டை கிடந்து எடுத்தாரா? அந்த ஊர்க் கொட்டை ஒன்றையும் விடமாட்டார், பையில் போட்டுக்கொண்டு வந்து இது திங்கலாமா என்று கேட்பார். அன்றைக்கு எதுவும் கொண்டுவரவில்லை. ஷூ கயிறா? ஒட்டுகிற ஷூதான் வாங்கிக் கொடுத்திருக்கிறது. ஒண்ணுக்கு உட்கார்ந்தாரா? அப்படியும் இருக்கலாம், ஊர்ப் பழக்கம். சிரிப்பு வரவேண்டிய இடம், வரவில்லை. ஒரு கொட்டை அந்த இடத்தில் கிடக்காமல் இரண்டடி தள்ளிக் கிடந்திருந்தால். கிட்டேபோய் நின்று கேட்டுவிடலாம், சும்மா பேச்சுவாக்கில், காலையில் நடக்கும்போது என்னப்பா குனிந்தீர்கள் என்று. கேட்டால், நீ எப்படிப் பார்த்தாய் என்பார். பார்த்தாயே, ஏன் கூப்பிடவில்லை என்பார். அப்புறம் எல்லாம் வெளியே வரும். வந்துதான் ஆகவேண்டும். சொல்லாமல் இவரை விமானம் ஏற்றி அனுப்பிவிட்டால் ஆயுசுக்கும் நெஞ்சில் கிடந்து அறுக்கும். சொன்னால்? சொன்னால் அந்த முகம் என்ன ஆகும். சின்ன வயதில் தினம் சாயங்காலம் இவனுக்கு இருந்த பயம் வேறு. அப்பா கம்பத்தில் ஏறியிருப்பார், சைக்கிள் சத்தம் கேட்கிறவரை உயிர் உயிராக இருக்காது. ஒருநாள் அழுதபடி கேட்டான், கரண்டு அடிக்காதா என்று. எல்.சி. வாங்கிட்டுத்தான ஏறுவேன், கோட்டிப்பயலே என்றார். லைன் கிளியர். சப்ஸ்டேஷனில் இருக்கிற ஆள் லைனை அணைத்துவிட்டு, அணைத்தாச்சு என்று சொல்வது. முகம் தெரியாத ஒருத்தன் போனில் சொன்ன அந்த ஒரு வார்த்தையை நம்பி மனுஷன் கம்பியில் கையை வைப்பார். முப்பத்தொரு வருஷம் வைத்தார். ஒருத்தனும் அவரைக் கொல்லவில்லை. கரண்டிடமிருந்து தப்பி வந்தவரை மகன்காரன், அதுவும் காசு கொடுத்து வாங்கின வில்லால். நினைப்பை அங்கேயே பிடித்து நிறுத்தினான். நிற்கவில்லை அது.

"சாடில் வேட்டையா நீங்க?" என்று பக்கத்தில் ஒரு குரல். கடைப் பெண், சட்டையில் கெய்லா என்று பெயர் குத்தியிருந்தது. "அப்படின்னா பெட்டி உயரமா இருக்கணும். தாழ்ந்தா கயிறு இடிக்கும், ரொம்ப உயர்ந்தா வில் நாண் உரசும். மாட்டிப் பாத்தாத்தான் தெரியும்" என்று அவள் ஆங்கிலத்தில் அடுக்கிக்கொண்டே காந்த மூடிப் பெட்டியைக் கொக்கியிலிருந்து எடுத்தாள். "உங்க அப்பாவா அவர்? அவருக்கு மாட்டிவிடுங்களேன், ரெண்டு பேரும் ஒரே உயரம். நீங்க எதிர்ல நின்னு பாக்கலாம்." வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் அப்பா வந்துவிட்டார். பேச்சு புரியாவிட்டாலும் பட்டையைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது அவருக்கு. சால்வையை ரப்பர் மானின் மேல் போட்டுவிட்டுக் கையை இரண்டு பக்கமும் தூக்கிக்கொண்டு நின்றார். "மாட்டச் சொல்லு அந்தப் பிள்ளைய. எத்தன பெல்ட் கட்டிருக்கேன், என்கிட்டயா." கெய்லா பட்டைகளைத் தோளில் ஏற்றி, பின்னால் போய் நடு முதுகில் பக்கிளைச் சொடுக்கினாள். "சரியா இருக்கான்னு பாருங்க, இதோ வாரேன்" என்று வேறு யாரோ கூப்பிட்ட பக்கம் போனாள். பெட்டி அப்பாவின் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது. அந்த இடம். அதே இடம். இசக்கிராஜ் ஒரு எட்டு பின்னால் வைத்தான். இன்னொரு எட்டு வைத்தான். கண் பெட்டியை விட்டு நகரமாட்டேன் என்றது. மனசு கஜம் எண்ணிக்கொண்டிருந்தது, நிறுத்து நிறுத்து என்றாலும் கேட்கவில்லை. அப்பா சிரித்துக்கொண்டே மூடியைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

"ஏய்யா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்ல" என்றார். இவன் எதைச் சொல்வது எப்படிச் சொல்வது என்று செத்துக்கொண்டிருக்கிறான், அவர் சொல்லவேண்டும் என்கிறார். "நாலு நாளா மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு அலையுத. சோறு எறங்கல. தெரியாதவனா நானு? அன்னைக்கி அந்த மானு போனது என்னாலதான். நாந்தான் கெடுத்துப்புட்டேன்." எந்த மான் என்று கேட்டான். "எந்த மானா? எனக்குப் பின்னால நின்னுச்சே, அது. நா ஒன்னப் பாக்கலன்னு நெனச்சியோ? நல்லாப் பாத்தேன். போஸ்ட் ஏறுனவனுக்குக் கண்ணு மொதல்ல மேலதான போவும். தொட்டில்ல தொங்குத மாதிரி தொங்கிக்கிட்டு, வில்ல இழுத்து எம்பக்கமா நீட்டிக்கிட்டு இருந்த. சரி, பின்னால மானு வந்து நிக்கி, நாமதான் குறுக்க நிக்கோம்னு டபக்குனு குத்தவச்சிட்டேன். திரும்பிப் பாத்தா மெரண்டுரும்லா, அதான் திரும்பக்கூட இல்ல. பிள்ள அடிச்சிக்கிடட்டும்னு மூச்சப் பிடிச்சிக்கிட்டு இருந்தேன் பாத்துக்கோ. இந்தப் பாழாப்போன இருமலு. அடக்கிப் பாத்தேன்ய்யா, முடியல. அதுல ஓடிருச்சி, என்ன? வீட்டுல வந்து ஒண்ணும் வரலப்பாங்குத. எம்மனசு நோவக் கூடாதுன்னு சொல்லுதன்னு எனக்கு வெளங்காதா? அதான் இந்தப் பொட்டிய நாந்தான் வாங்கித் தருவேன், நீ பேசப்படாது."

இசக்கிராஜுக்குக் காதுக்குள் ங்கொய் என்று இரைந்தது. கொட்டை இல்லை. கயிறு இல்லை. வழிவிட்டிருக்கிறார். மகன் வில்லை எடுத்து நெஞ்சுக்கு நேரே நீட்டுகிறான், பார்க்கிறார், பார்த்துவிட்டு, தனக்குப் பின்னால் ஏதோ இருக்கிறது என்று நினைத்திருக்கிறார். எவனாவது அப்படி நினைப்பானா? ஓடவேண்டாமா, ஏலேய் நாண்டா என்று கத்தவேண்டாமா, கையைக் காலை ஆட்டவேண்டாமா? கேட்கவும் இல்லை கொள்ளவும் இல்லை, எல்.சி. இல்லாமல் கம்பியில் கையை வைத்த மாதிரி உட்கார்ந்திருக்கிறார் மனுஷன், இருமலை அடக்கிக்கொண்டு. அந்த இருமலுக்கு மன்னிப்பு வேறு கேட்கிறார். இப்படியே விட்டுவிடலாம் என்று ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தது. ஆமாம்ப்பா, பெரிய மான், கொம்புகூட இருந்தது, போனால் போகிறது விடுங்கள் என்று சொல்லிவிட்டால் போதும். அவருக்கும் பாரம் இறங்கும், இவனுக்கும் தப்பித்தது. வாய்வரை வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்தான். பொய்யை எதிர்பார்த்தல்ல, மன்னிப்பை எதிர்பார்த்து நின்றுகொண்டிருந்தது அந்த முகம். அதைத் தாங்கமுடியவில்லை.

"மானே இல்லப்பா."

"இல்லாம எப்படி? நீ வில்ல இழுத்து..."

"ஒங்களத்தாம்ப்பா. ஒங்களத்தான் மான்னு நெனச்சேன். அந்தச் சால்வ, வெள்ள ஓரம்... நா பாக்கல. பாக்காம இழுத்துட்டேன். நீங்க குத்தவச்ச பெறவும் எந்திரிக்கட்டும்னு பிடிச்சிக்கிட்டேதான் இருந்தேன். இருமுனதுக்கு அப்புறந்தான் தெரியும்."

அப்பா விளங்காத மாதிரி இவன் வாயையே பார்த்தார். பிறகு விளங்கியது. அது விளங்குவதை இசக்கிராஜ் நின்று பார்த்தான், முழுசாகப் பார்த்தான், கண்ணை எடுக்கவில்லை. திட்டுவார் என்று நினைத்தான், ஓங்கி ஒன்று கொடுத்தால் தேவலை என்று நினைத்தான். அவர் கை தானாக எழுந்துவந்து நெஞ்சில் இருந்த பெட்டியின் மேல் உட்கார்ந்தது. பட்டையைப் பிடித்து இழுத்தார், வரவில்லை. மறுபடி இழுத்தார். "கழட்டு" என்றார். பக்கிள் நடு முதுகில் இருந்தது. இசக்கிராஜ் கழற்றுவதற்காகச் சுற்றிக்கொண்டு அவருக்குப் பின்னால் போனான். இவன் போகப் போக அவரும் காலை எடுத்து வைத்துத் திரும்பினார். அந்தப் பக்கமாகப் போனான், அந்தப் பக்கமாகத் திரும்பினார். வேண்டுமென்று செய்யவில்லை அவர், கால்தான் திரும்பிக்கொண்டிருந்தது, அது அவருக்கே தெரிந்து அவர் கண் கலங்கிவிட்டது. "அப்பா, திரும்புங்கப்பா" என்றான். "ம்" என்றார். நின்றார். திரும்பவில்லை. கெய்லா அளவு சரியா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். அவர் அவளுக்கு முதுகைக் காட்டினார்.